நுண்ணுயிரிகள் பாடம்: அட்டவணையை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு நோய் பரவும் விதத்தை எப்படி உணர்த்துவது?

காரைக்குடி அறிவியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் 32 பேர். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சலால் பாதி பெஞ்சு காலியாகிவிடும் என்பதால், நுண்ணுயிரிகள் பாடத்தை அதற்கு முன்பே நடத்திவிடப் பார்க்கிறேன். பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். காசநோய்க்குப் பாக்டீரியா, டெங்குவுக்கு வைரஸ், மலேரியாவுக்குப் புரோட்டோசோவா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் ஒரே தண்ணீர் பாட்டிலில் ஐந்து பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். சத்துணவுக்கு முன்னால் குழாயில் விரல் நுனியை நனைத்துவிட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். விடைத்தாளில் எழுதியது தங்கள் கையைப் பற்றியதுதான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. மழையில் நனைந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று அப்பத்தா சொன்னதாக ஒரு பையன் சொல்கிறான். அம்மை கிருமியால் வருவதில்லை, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று ஆயா சொன்னதாக ஒரு பெண் சொல்கிறாள். முத்துமாரியம்மனுக்கு ஆண்டுதோறும் பால்குடம் எடுக்கும் குடும்பங்கள் இவை. வீட்டுப் பெரியவர்களைப் பிள்ளைகள் முன்னால் தாழ்த்திப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத் தவறான காரணத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் ஒரே நுண்ணோக்கியில் வெங்காயத் தோலுக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாது. இந்த நிலையில் எதை, எப்படிக் காட்டலாம்?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தேவகோட்டை:

வணக்கம் அம்மா. கிருமியின் பெயரில் தொடங்காமல், அது போய்வரும் வழியில் தொடங்குங்கள். ஓர் உடலிலிருந்து எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது, எதில் ஏறிப் போகிறது, அடுத்த உடலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு நோய்க்கும் கேட்கப் பழக்கிவிட்டால், தடுக்கும் முறையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. அந்த வழியை எந்த இடத்தில் வெட்டலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை ஊரணியை வைத்தே சொல்லலாம். குடிநீர் ஊரணியில் செருப்போடு இறங்கக்கூடாது, கால் கழுவக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். நரம்புச் சிலந்தி நோயை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயாளியின் காலில் கொப்புளம் எழும். எரிச்சல் தாங்காமல் அவர் காலை நீரில் வைக்கும்போது கொப்புளம் உடைந்து, உள்ளே இருக்கும் புழு தன் இளம்புழுக்களை நீரில் விடும். அவற்றை சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீருயிரி விழுங்கும். அந்த நீரை வடிகட்டாமல் குடித்தவரின் உடலுக்குள் புழு ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, மறுபடியும் பெரும்பாலும் கால் வழியாகவே வெளியே தலைகாட்டும். இது கிருமி அல்ல, புழு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வழியைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டிக் குடிப்பது, நோயாளியை நீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது, பாதுகாப்பான குடிநீர் தருவது ஆகியவற்றைக் கொண்டே இந்தியாவில் ஒழித்துக்கட்டினார்கள். கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

அடுத்து, வகுப்பிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. 32 பேருக்கும் அரைக் குவளைத் தண்ணீர் கொடுங்கள். ஒரே ஒரு குவளையில் மட்டும், யாருக்கும் தெரியாமல், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து வையுங்கள். பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் தண்ணீரை மற்றவர் குவளையில் ஊற்றிக் கலந்து, மீண்டும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆளை மாற்றி இதை மூன்று சுற்று நடத்துங்கள். யாரோடு கலந்தோம் என்பதை வரிசையாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சளை ஒவ்வொரு குவளையிலும் சில சொட்டு விடுங்கள். சோடா கலந்த தண்ணீர் ஆரத்தி நீர் போலச் சிவந்துவிடும். மற்றவை மஞ்சளாகவே இருக்கும். ஒருவரிடமிருந்து இரண்டு, நான்கு என்று பெருகி மூன்றாம் சுற்றின் முடிவில் எட்டுக் குவளை வரை சிவக்கும். ஏற்கெனவே சோடா சேர்ந்த இருவரே மறுபடி சந்தித்துக்கொண்டால் எண்ணிக்கை குறையும். ஐந்து சுற்று போனால் வகுப்பு முழுவதுமே சிவந்துவிடக்கூடும். தண்ணீரைப் பார்த்து எதுவும் தெரியாத நிலையில்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும். நோட்டுகளை வைத்துப் பின்னோக்கித் தேடச் சொன்னால் முதல் சுற்றில் கலந்த இருவர் வரை வந்து நின்றுவிடுவார்கள்; அந்த இருவரில் யாரிடமிருந்து தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்று எங்கிருந்து வந்தது என்று தேடும் சுகாதாரத் துறையினருக்கும் இதே சிக்கல் உண்டு.

சோடாத் தண்ணீர் கண்ணில் படக்கூடாது, யாரும் வாயில் வைக்கக்கூடாது. முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர், கானாடுகாத்தான் பக்கம்:

டீச்சர், மழைக்கு முன்பு நடத்துவது மிகவும் நல்லது. நான் டெங்கு பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கையால் தடுக்கக்கூடிய நோய் அது.

நம் ஊர்களில் பெரிய வீடுகள் பல, ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணத்துக்கோ கோயில் காரியத்துக்கோ வரும்போதுதான் திறக்கிறார்கள். பின்கட்டில் ஆட்டுக்கல்லின் குழியிலும், முற்றத்தில் வைத்த அண்டாவிலும், அடைத்துக்கொண்ட தகரத் தூம்பிலும் மழைநீர் தேங்கி நிற்கும். ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படிப்பட்ட ஓரளவு தெளிந்த நீரைத்தான் தேடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். ஆட்டுக்கல் குழியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், புழுக்கள் நீர்மட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்குவதும், கையின் நிழல் விழுந்ததும் நெளிந்துகொண்டு அடிக்கு இறங்குவதும், சற்று நேரத்தில் மூச்சுக்காக ஒவ்வொன்றாக மேலே வருவதும் தெரியும். வால் பக்கத்திலுள்ள குழாய் வழியாகத்தான் அவை மூச்சு விடுகின்றன என்று சொன்னால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

முட்டையைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். ஏடிஸ் முட்டையை நீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். நீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் போதாது. உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டுப் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை செய்தால் எந்தப் புழுவும் கொசுவாகாது. பிறந்த கொசுவிடம் பெரும்பாலும் வைரஸ் இருக்காது, நோயாளியைக் கடித்துத்தான் அது வைரஸைப் பெறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது பகலில் கடிக்கும் கொசு என்பதால், காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும்.

இதிலேயே அப்பத்தாவுக்கும் பதில் இருக்கிறது. மழைக்குப் பின் காய்ச்சல் வரும் என்று அவர் கண்டது சரி. மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே கொசு இருக்கிறது, அடைத்த அறைக்குள் எல்லோரும் நெருங்கி இருமிக்கொண்டிருப்பது இருக்கிறது என்று அந்தப் பையனே வீட்டில் போய்ச் சொல்லலாம்.

அம்மை விஷயத்தில் நான் வீடுகளில் பேசுவது இப்படித்தான். வேப்பிலை கட்டி, வெளியாரை உள்ளே விடாமல், மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே அனுப்பாத வழக்கத்தை நான் குறை சொல்வதில்லை. சின்னம்மை வைரஸ், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பிறருக்குத் தொற்றும். அதனால் தனியாக வைத்திருப்பது மருத்துவம் சொல்வதோடு ஒத்துப்போகிறது. தண்ணீர் ஊற்றும் நாளில் பொருக்குக் காய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்வேன். மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் இறங்காமல் பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ உடனே மருத்துவரிடம் வர வேண்டும், ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டே இவ்வளவையும் செய்யலாம் என்றால் எந்த ஆயாவும் மறுத்ததில்லை.

திருப்பத்தூர் ஆசிரியர்:

குவளைச் சோதனை அருமை, ஐயா. தடுப்பூசியையும் அதிலேயே காட்டலாமே. சிலருடைய குவளையில் முதலிலேயே எலுமிச்சைச் சாறு விட்டுவிட்டால் சோடா சேர்ந்தாலும் சிவக்காது. ரொட்டித் துண்டைக் கழுவாத கையால் தொட்டு ஒரு பையிலும், கழுவிய கையால் தொட்டு இன்னொரு பையிலும் போட்டு வைக்கும் சோதனையும் எங்கள் பள்ளியில் நடப்பதுண்டு.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தேவகோட்டை:

எலுமிச்சை வேண்டாம் என்பது என் கருத்து, சார். அடுத்த சுற்றில் அந்தச் சாறும் மற்றவர் குவளைக்குப் போய், அங்கிருக்கும் சோடாவை முறித்துவிடும். ஊசி போட்டவரோடு பழகினால் நோயாளி குணமாகிவிடுவார் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாகச் சிலருடைய குவளைகளை மூடிவிடுங்கள். அவர்கள் வழக்கம்போல எல்லோரையும் சந்திக்கட்டும், தண்ணீரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டாம். மூடிய குவளைகள் கூடக்கூட, மூடாதவர்களிலும் குறைவானவர்களே சிவப்பதைக் காண்பார்கள். தட்டம்மை போன்று காற்றில் பரவும் நோய்க்கு ஊரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை அதன்பின் விளக்குவது எளிது. எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு மூடி அல்ல என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

ரொட்டிச் சோதனை செய்யலாம், ஆனால் அதில் வளர்வது பெரும்பாலும் பூஞ்சணம், காற்றிலிருந்தும் வந்திருக்கலாம். அதைக் காட்டி இதுதான் காய்ச்சல் தரும் கிருமி என்று சொல்வது சரியாகாது. பையை ஒட்டி மூடிய பிறகு யாரும் திறக்கக்கூடாது. அதே வாரத்தில் தயிருக்கு உறை ஊற்றுவதையும் இட்லி மாவு பொங்குவதையும் பேசிவிடுங்கள். நுண்ணுயிர் என்றாலே பகை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக்கூடாது.

காரைக்குடி அறிவியல் ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா, நன்றி சிஸ்டர், சார். குவளைச் சோதனையை முதல் வகுப்பிலும், ஆட்டுக்கல்லைப் பார்ப்பதை அடுத்த சனிக்கிழமையிலும் வைத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. பள்ளியில் குழாய் நான்குதான். சோப்பு வைத்தால் மாலைக்குள் காணாமல் போய்விடுகிறது.

கிராம சுகாதாரச் செவிலியர், கானாடுகாத்தான் பக்கம்:

சோப்பை நான்கு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், டீச்சர். வாரம் ஒரு குழு அதற்குப் பொறுப்பாக இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய கிருமியை வெறும் தண்ணீர் அவ்வளவாகக் கிளப்பாது. சோப்பு நுரையோடு விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். நனைத்து, தேய்த்து, அலச ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால், நான்கு குழாயில் 32 பேருக்கு எட்டு நிமிடம் ஆகும். உங்கள் வகுப்பைச் சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக வெளியே விடத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.