‘மைசெல்ஃப்’ எங்கே வரும், எங்கே வராது: சில அனுபவங்கள்

கல்லூரி முடித்த ஆண்டில் சென்ற முதல் நேர்காணலில், அமர்ந்ததும் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன். தேர்வுக் குழுவில் இருந்த அம்மையார் கோபப்படாமல், “அந்த வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் ‘நான் இன்னார்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் முழு வாக்கியம் அமைந்துவிடுவதால், ஆங்கிலத்தில் அது விடுபட்டதும் என் காதுக்குக் குறையாகப் படவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ‘ஐ ஆம்’ என்றோ ‘மை நேம் இஸ்’ என்றோ தொடங்கியிருக்க வேண்டும். ‘மைசெல்ஃப்’ தனியாக எழுவாய் ஆகாது.

அன்றிலிருந்து ‘செல்ஃப்’ என்று முடியும் சொற்களைக் கவனித்து வருகிறேன். அடிப்படை விதி நமக்குப் புதிதன்று. ‘அவனை அடித்துக்கொண்டான்’ என்று நாம் சொல்வதில்லை, ‘தன்னை’ என்கிறோம். ‘ஹிம்’, ‘ஹிம்செல்ஃப்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. என்னை அதிகம் தடுமாற வைத்தது ‘கொள்’ என்னும் துணைவினைதான். ‘சவரம் செய்துகொண்டேன்’ என்று தமிழில் நினைத்து ‘ஐ ஷேவ்டு மைசெல்ஃப்’ என்று எழுதிவிடுவேன். ‘ஐ ஷேவ்டு’ என்றாலே போதும். ‘சுற்றுலாவில் மகிழ்ந்தோம்’ என்பதில் ‘கொள்’ இல்லாததால் ‘வி என்ஜாய்டு’ என்று நிறுத்திவிடுவேன்; அந்த வினைச்சொல்லோ செயப்படுபொருள் கேட்பது, ஆகவே வேறு செயப்படுபொருள் இல்லாத அங்கேதான் ‘அவர்செல்வ்ஸ்’ வர வேண்டும். பன்மையில் ‘செல்ஃப்’, ‘செல்வ்ஸ்’ ஆவதையும் நான் பலமுறை மறந்திருக்கிறேன்.

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். எனக்கு இந்தப் பாடம் அலுவலகத்தில் கிடைத்தது. ‘மீ’ என்று எழுதுவது பணிவாகாது என்ற எண்ணத்தில், ஒரு சுற்றறிக்கையின் வரைவில் ‘ப்ளீஸ் கான்டாக்ட் த மேனேஜர் ஆர் மைசெல்ஃப்’ என்று எழுதி, கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர் பென்சிலால் ‘த மேனேஜர் ஆர்’ என்ற சொற்களை மட்டும் அடித்துவிட்டு, மீதியை உரக்கப் படிக்கச் சொன்னார். ‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று வாய்விட்டுப் படித்தவுடனேயே பிழை எனக்குக் கேட்டுவிட்டது. நானே பென்சிலை வாங்கி ‘மீ’ என்று திருத்தினேன். இன்றும் ‘அன்ட்’, ‘ஆர்’ வரும் இடங்களில் அந்தப் பென்சில் கோட்டை மனத்துக்குள் போட்டுப் பார்த்த பிறகே கடிதத்தில் கையெழுத்திடுகிறேன்.