மறு: ஃபியூயல் செல்லுக்கு ‘எரிபொருள் கலம்’ போதுமே?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லுக்கு ‘எரிபொருள் கலம்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, புதிதாக ஒரு பெயர் எதற்கு என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆந்திராவில் இருக்கும் எங்கள் சூலூர்ப்பேட்டையில் எரிபொருள் கலம் எது என்று கேட்டுப் பாருங்கள், வண்டியின் பெட்ரோல் டேங்க்கைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கலம் என்றால் பாத்திரம். எரிபொருளை ஊற்றி வைக்கும் பாத்திரம் என்றுதானே காதில் விழும்? இந்தக் கருவியிலோ எரிபொருள் தங்குவதே இல்லை.

‘எரிபொருள் மின்கலம்’ என்றால் பாதிச் சிக்கல் தீரும். மிச்சம் இருப்பது ‘எரி’. உள்ளே என்ன நடக்கிறது? ஒரு பக்கம் ஹைட்ரஜன் நுழைகிறது. அங்கே பூசிய பிளாட்டினம் அதைப் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கிறது. நடுவிலுள்ள மெல்லிய சவ்வு புரோட்டானை மட்டும் கடக்க விடும். எலக்ட்ரானுக்கு அந்த வழி அடைப்பு. வெளியே கம்பி வழியாகத்தான் மறுபக்கம் போயாக வேண்டும். அப்படிப் போகிற போக்கில்தான் நமக்கு விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது. மறுபக்கத்தில் ஆக்சிஜன் காத்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து நீராகிவிடுகின்றன. தீ, புகை எதுவும் கிடையாது. வெப்பத்தை நடுவில் வைத்து வேலை வாங்காததால், ஹைட்ரஜனின் ஆற்றலில் 40 முதல் 60 சதவீதம் வரை மின்சாரமாகவே கிடைக்கிறது. எரியாததுதான் இதன் பெருமையே, பெயரில் போய் எரிய வைக்கிறோம்.

தெலுங்கில் எரிபொருளுக்கு ‘இந்தனம்’ என்கிறார்கள். அதன் வேரும் தீ மூட்டுவதுதான், அங்கிருந்து கடன் வாங்கியும் பயனில்லை. பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரோவ் 1842இல் இதை ‘வாயு பேட்டரி’ என்ற பொருளில்தான் எழுதினார். எரிபொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

என் பரிந்துரை: ஊட்டுமின்கலம். சாதாரண மின்கலத்தில் வேதிப்பொருள் உள்ளேயே அடைபட்டிருக்கும், தீர்ந்தால் மாற்றவோ சார்ஜ் ஏற்றவோ வேண்டும். இது மாவு மில் மாதிரி. மேலே கொட்டக் கொட்டக் கீழே வந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஊட்டு என்றதும் ‘எதை, எங்கிருந்து?’ என்று அடுத்த கேள்வி வரும். இதன் குறைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்து எடுப்பது. எரிவாயுவிலிருந்து 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சரி, நீரைப் பிரித்தே எடுப்போம் என்றால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவைக் கலத்துக்குள் விட்டால் திரும்பக் கிடைப்பது 16, 17 யூனிட். அதே 50 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் போட்டால் 40க்கு மேல் திரும்பும். சேமித்து வைப்பது தனித் தலைவலி: காரில் வைக்க 700 பார் அழுத்தம் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு), திரவமாக்க மைனஸ் 253 டிகிரி. ஊட்டுவது சுத்தமாகவும் இருக்க வேண்டும், துளி கார்பன் மோனாக்சைடு கலந்தாலே பிளாட்டினம் முடங்கிவிடும்.

அதற்காகத் தள்ளிவிட முடியாது. எடை முக்கியமான விண்கலத்தில் இதற்கு இடம் உண்டு. நீண்ட தூரம் போகிற லாரி, படகில் சில நிமிடங்களில் நிரப்பிக் கிளம்பலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் இப்படி ஓடும் படகு ஒன்றைக் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தது தூத்துக்குடியிலிருந்து. எங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒன்று உண்டு: பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 2024 ஜனவரி 1 அன்று அங்கிருந்து போன பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் கடைசி நிலையில் இஸ்ரோ ஒரு ஊட்டுமின்கலத்தை ஏற்றி, சுற்றுப்பாதையில் 180 வாட் எடுத்துக் காட்டியது. ராக்கெட் கிளம்பினால் மொட்டைமாடிக்கு ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்ல ஒரு நல்ல பெயராவது வேண்டாமா?

பெயரைவிட அவசரமாகத் திருத்த வேண்டியது, கலத்தின் இரு முனைகளில் ஒன்றான ஆனோடு. ‘நேர்மின்வாய்’ என்கிறோம். மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புக்கு அது சரி. இங்கே ஹைட்ரஜன் நுழையும் ஆனோடு எதிர்முனை! பையன் பெயரை நம்பி மீட்டரை மாட்டினால் முள் தலைகீழாகப் போகும். ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரானை இழப்பது, நடக்கும் இடம் ஆனோடு; ஒடுக்கம், அதாவது எலக்ட்ரானைப் பெறுவது, நடக்கும் இடம் மறுமுனையான கேத்தோடு. எந்தக் கலத்திலும் இது மாறாது. எனவே ‘ஏற்றமுனை’, ‘ஒடுக்கமுனை’.

*

மதுரையிலிருந்து மறுமொழி:

அணு எரிபொருளும்தான் எரிவதில்லை ஐயா, அதை யாராவது மாற்றச் சொன்னோமா? எரிபொருள் என்பது ஆற்றல் தரும் பொருள் என்று எப்போதோ விரிந்துவிட்டது. ஊட்டுமின்கலம் நன்றாக இருக்கிறது, ஆனால் தேடுகிற மாணவர் எரிபொருள் என்றுதான் தேடுவார். ஏற்றமுனைக்கு என் ஓட்டு உண்டு.

*

மதுரை நண்பரின் அணு எரிபொருள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் பட்டியலில் இரண்டும் இருக்கட்டும்: எரிபொருள் மின்கலம், ஊட்டுமின்கலம். ‘மின்’ இல்லாத எரிபொருள் கலத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

அப்புறம், பல கலங்களைச் சேர்த்து அடுக்கும் ‘ஸ்டாக்’ (stack) என்பதற்குச் சொல் பாக்கி இருக்கிறது. ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது 0.6, 0.7 வோல்ட்தான், ஒரு காருக்கு நூற்றுக்கணக்கில் தொடராக இணைக்க வேண்டும். ‘மின்கல அடுக்கு’ ஏற்கெனவே பேட்டரிக்குப் போய்விட்டது. ‘கலக்கோவை’ எப்படி? ஆட்சேபம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.