அடையாறு முகத்துவாரம்: ஞாயிற்றுக்கிழமைப் பணி குறித்து நம் தெருக் குழுவில்

செயலாளர் அம்மா, காலை 6.50
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் சார்பில் உடைந்த பாலத்தருகே, அடையாற்றுக் கழிமுகத்தில், 500 அலையாத்தி (மாங்குரோவ்) மரக்கன்றுகளை நடலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசியிருந்தோம். கன்றுகளுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இன்று மாலைக்குள் தெரிவியுங்கள்.

தமிழாசிரியர் ஐயா, காலை 7.15
நல்ல முயற்சி அம்மா. கட்டட இடிபாடுகளும் குப்பையும் குவிந்து கிடந்த 58 ஏக்கர் நிலம் 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவன் நான். அங்கே இடிபாடுகளை அள்ளி, நீர் தங்கவும் வந்து போகவும் இடம் செய்து கொடுத்த பிறகே செடி கொடிகளை வளர்த்தார்கள். அந்த முறையை நாமும் பின்பற்ற வேண்டும் என்பது என் எண்ணம். குப்பத்துத் தம்பி, ஆற்றின் வாய் இப்போது எப்படி இருக்கிறது?

குப்பம் அண்ணன், காலை 7.42
வணக்கம் ஐயா. மழைக்காலத்தில் அகன்று கிடந்த முகத்துவாரம், பிப்ரவரி பிறந்து ஆற்றில் வரத்து குறைந்ததும், கடல் கொண்டுவந்து சேர்க்கும் மணலால் நாளுக்கு நாள் குறுகி வருகிறது. நேற்றுக் காலை வலையோடு போனபோது முழங்கால் நனையாமல் பாதித் தூரம் நடந்துவிட்டேன். வாய் அடைபட்டுவிட்டால் கடலின் ஏற்றமும் வற்றமும் உள்ளே வராது. மேலிருந்து வரும் கழிவுநீர் அப்படியே தேங்கி நிற்கும். அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு காற்று வாங்குபவை என்பதால், வற்றாத நீரில் பல நாள் மூழ்கிக் கிடந்தால் வளர்ந்த மரமே பட்டுப்போகும். ஒரு சாண் கன்று எப்படித் தாங்கும்? கடலில் பொரித்த இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்வதற்காக இந்த வாய் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. என் அப்பா காலத்தில் இங்கே கை நிறைய இறால் பிடித்தோம் என்பதை இப்போது பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

கல்லூரி மாணவி (மூன்றாம் மாடி), காலை 8.05
அண்ணா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாம் நடுவதற்குத் தேர்ந்தெடுத்திருப்பது வற்றத்தின்போது வெளிப்படும் சேற்றுத்திட்டு. பார்வைக்கு வெறும் சேறாகத் தெரிந்தாலும், வடக்கே சைபீரியா வரை சென்று குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் போன்ற பறவைகள் அந்தச் சேற்றைக் குத்திப் புழுக்களைத் தின்றுதான் திரும்பும் பயணத்துக்கு வலுச் சேர்க்கின்றன. அந்தத் திட்டை மரங்களால் மூடிவிட்டால் அவற்றுக்கு மேய இடமிருக்காது. இருக்கும் அலையாத்திகளையே, அவற்றைச் சுற்றிய குப்பையை அள்ளிக் காப்பாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

பி பிளாக் சார், காலை 8.20
தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நட்ட கன்று கண்ணுக்குத் தெரியும். நன்கொடை தந்தவர்களுக்கும் மனநிறைவு கிடைக்கும். குப்பையை எத்தனை முறை அள்ளினாலும் அடுத்த மழையில் ஆறு மீண்டும் கொண்டுவந்து தள்ளுமே, அதற்கு என்ன செய்வது?

குப்பம் அண்ணன், காலை 8.36
கேள்வி நியாயமானதுதான் சார். நேற்று ஒரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன்: மூச்சு வேர்களைச் சுற்றி ஒரு பழைய புடவை இறுகிக் கிடந்தது, அதை அறுத்து எடுத்ததும் அடியில் நெகிழிப் பைகள் படலம் படலமாக வந்தன. முக்கால் மணி நேரம் ஆனது. பைகள் போன பள்ளத்தில் நீர் ஊறியதும் விரல்நகம் அளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. மறுபடியும் குப்பை வரும் என்பது உண்மை. ஆனால் மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இரு முறை நாம் வந்தால் அந்த மரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

தமிழாசிரியர் ஐயா, காலை 8.50
முகத்துவாரத்தைத் தூர்வாரும் பொறுப்பு அரசின் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. பருவமழை நெருங்கும் வரை காத்திராமல், வாய் குறுகத் தொடங்கும்போதே மணலை அகற்ற வேண்டும் என்று குப்பத்து மக்களும் நாமும் சேர்ந்து கையெழுத்திட்டு மனு அளிப்போம்; எழுதித் தருவது என் வேலை. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்ட நமக்கு இந்த ஆற்றின் வாயைப் பற்றி அக்கறை இருந்தே ஆக வேண்டும்.

செயலாளர் அம்மா, காலை 9.10
முடிவை மாற்றிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. முன்பணத்தை நிறுத்தி வைக்கிறேன். நன்கொடையைக் கையுறை, சாக்கு, குப்பை எடுத்துச் செல்லும் வண்டி ஆகியவற்றுக்குச் செலவிடலாமா என்று தந்தவர்களிடமே கேட்டுவிடுகிறேன். பணி முடிந்ததும் வைக்கவிருந்த மாலைக் கொண்டாட்டம் எப்படி?

குப்பம் அண்ணன், காலை 9.18
2015-இல் எங்கள் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கி, தெருவில் மேடை போட்டுக் கருநாடக இசை கேட்டபோது, வெளியூர்க்காரர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டார்கள். இம்முறை பெரிய மேடை தேவையில்லை அம்மா. கழிமுகத்து மீன்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயர் சொல்லிக் காட்டட்டும். உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். இறால் குழம்பும் சோறும் எங்கள் பொறுப்பு.

பி பிளாக் சார், காலை 9.25
என் பேரன்கள் இருவரையும் அழைத்து வருகிறேன். வண்டிச் செலவில் பாதி என்னுடையது.

குப்பம் அண்ணன், காலை 9.31
மிக்க மகிழ்ச்சி சார். வற்றம் எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமை இரவு சொல்கிறேன். சேற்றில் கண்ணாடித் துண்டுகள் கிடப்பதால் செருப்பு போதாது, பழைய ஷூ அணிந்து வாருங்கள். இது ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதம். மணலில் புதிய தடம் கண்டால் மிதிக்காமல் விலகி நின்று என்னைக் கூப்பிடுங்கள்.