உதவி: ஆல் சீசன் போதுமா, வின்டர் டயர் போடணுமா?

கார்த்தி86 (நவம்பர் 18, இரவு 11:40)
வணக்கம். செப்டம்பர்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கினேன், ரியர் வீல் டிரைவ், பின் சக்கரம்தான் தள்ளும். வியாழக்கிழமை பனி கொட்டும்ங்கறாங்க. இப்ப இருக்கற ஆல் சீசனே போதுமா, இல்ல வின்டர் டயர் வாங்கணுமா? கடைக்குக் கடை ஒண்ணு சொல்றாங்க. காலைல பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவுல ஏறும்போது பின்பக்கம் ஆடுச்சு. பனியே இல்ல, வெறும் ஈரம். பயமா இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

மயூரன், மொன்றியல்
எந்த ஊர் தம்பி? என்ன கார்? ரயர் சைஸ் என்ன? குளிர் குறைஞ்ச வன்கூவர் எண்டா ஒரு கதை, உறைஞ்சுபோற வினிப்பெக் எண்டா வேற கதை.

பழைய மெக்கானிக்
இதே கேள்விக்கு வருஷா வருஷம் நவம்பர்ல பதில் எழுதிட்டிருக்கேன். பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டு வந்து கேட்டா என்ன? குளிர் 7 டிகிரிக்குக் கீழ போனா ஆல் சீசன் ரப்பர் இறுக ஆரம்பிக்கும், வின்டர் ரப்பர் மிருதுவாவே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இப்படி ஒரு கார் வாங்கறவங்க டயரைப் பத்தி இதுகூடத் தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?

செல்வி, மிசிசாகா
ரெண்டும் வேணாம், ஆல் வெதர் போடுங்க. ஆல் சீசன் வேற, ஆல் வெதர் வேற. ஆல் வெதர்ல மலைப் படத்துக்குள்ள பனிப்பூ குறி போட்டிருக்கும், பனிக்கும் ஆகும்னு அர்த்தம். வருஷம் முழுக்க ஒரே செட், ரெண்டு தடவை மாத்துற செலவு மிச்சம். நாலு வருஷமா அதுலதான் ஓட்டறேன்.

ரகு
பின்னாடி மட்டும் ரெண்டு வின்டர் போட்டு, டிக்கில ரெண்டு மணல் மூட்டை வைங்க. ரியர் வீல் டிரைவுக்குப் பின்பக்கம் பிடிச்சாப் போதும்.

மயூரன், மொன்றியல்
ரகு, தயவுசெய்து இதை ஆருக்கும் சொல்லாதேங்கோ. முதல் வருசம் காசு மிச்சம் பிடிக்க நானும் பின்னுக்கு ரெண்டுதான் போட்டனான். ஏத்தத்தில வடிவா ஏறிச்சு. இறக்கத்தில சிவப்பு லைற்றுக்குப் பிறேக் அமத்தினன், ஸ்ரியறிங்கை முழுக்க வலப்பக்கம் திருப்பியும் கார் நேர போகுது. ஏபிஎஸ் காலுக்கடியில கடகடவெண்டு அடிக்குது. நடுச்சந்தியிலதான் நிண்டது. திருப்புறதும் நிப்பாட்டுறதும் முன் ரயர்தான். நாலும் ஒரே மாதிரி இருக்கவேணும்.

செல்வி, அந்தக் குறிக்கு இறுகின பனியில இழுவையைத்தான் சோதிக்கிறவை. கண்ணாடி ஐஸில பிறேக் பிடிக்கிறது அந்தச் சோதனையில இல்லை.

கார்த்தி86
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். ஒட்டாவா. டொயோட்டா ஜிஆர்86, பிரீமியம் மாடல், டயர் 215/40 ஆர்18 (18 இன்ச் ரிம்). வேலை கேட்டினோல, தினமும் பாலம் தாண்டணும்.

ரகு
அப்ப கேள்வியே இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் கியூபெக். வின்டர் டயர் இல்லாமப் போனா அபராதம்.

பழைய மெக்கானிக்
தப்பு. அந்தச் சட்டம் கியூபெக்ல பதிவான வண்டிக்கு. ஒன்டாரியோ நம்பர் பிளேட்டை அது கட்டுப்படுத்தாது.

ரகு
டிசம்பர் 15லேருந்து எல்லா வண்டிக்கும்னு என் நண்பன் சொன்னான்.

மயூரன், மொன்றியல்
2008இல அந்தச் சட்டம் வந்தபோது டிசம்பர் 15தான். 2019இல டிசம்பர் 1 ஆக்கிப்போட்டினம், மார்ச் 15 வரைக்கும். அபராதம் 200 டொலரிலயிருந்து 300. ஆனா மெக்கானிக் சொல்லுறது சரி, இஞ்ச பதிஞ்ச காருக்குத்தான்.

ரகு
ரோடு ஒண்ணுதானே? பனிக்கு நம்பர் பிளேட் தெரியுமா? சட்டம்னா எல்லாருக்கும் இருக்கணும்.

பழைய மெக்கானிக்
இருக்கணும்ங்கறது வேற, இருக்குங்கறது வேற.

லதா, ஒட்டாவா
சட்டத்தை விடுங்க. கார்த்தி, டயர்ல என்ன பேர் எழுதியிருக்கு? கீழ இறங்கிப் பார்த்துச் சொல்லுங்க.

கார்த்தி86
மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4. வித்தவர் ஆல் சீசன்னுதான் சொன்னார்.

லதா, ஒட்டாவா
அது ஆல் சீசனே இல்ல, கோடை டயர்! பக்கச் சுவர்ல எம்+எஸ்ஸும் (சேறு, பனிக்கான குறி) இருக்காது, பனிப்பூவும் இருக்காது. பிரீமியம் மாடலுக்குக் கம்பெனியே அதைத்தான் போட்டுக் குடுக்குது. ஈரச் சரிவுல பின்பக்கம் ஆடினதுக்கு இதுதான் காரணமா இருக்கும். விடிகாலைல டயர் பட்டன்ல (ரோட்டுல படற ரப்பர் மேடு) கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். வியாழக்கிழமை இந்த வண்டியை வெளியே எடுக்காதீங்க, பஸ்ல போங்க.

நம்ம ஊர்ல -20 சாதாரணம், அதனால முழு வின்டர்தான். 17 இன்ச் ரிம்மோட தனி செட்டா வாங்குங்க, 215/45. பேஸ் மாடலுக்குக் கம்பெனி சைஸே அதுதான். மொத்த விட்டம் 4 மில்லிமீட்டர்தான் குறையும், ஆனா பக்கச் சுவர் ஒரு சென்டிமீட்டர் கூடுது. பனி உருகின குழியில ரிம் தப்பிக்கும். வின்டர் ஓடற அஞ்சு மாசமும் கோடை டயர் தேயாது, அதனால செலவு ரெட்டிப்புன்னு நினைக்காதீங்க. இன்சூரன்ஸ்லயும் கேளுங்க. ஒன்டாரியோல 2016லேருந்து வின்டர் டயருக்குத் தள்ளுபடி குடுத்தாகணும், கேட்காம தானா வராது.

செல்வி, மிசிசாகா
இங்க ஏரிக்கரையில குளிர் அவ்வளவு இல்ல. ஒட்டாவான்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் வின்டர்னுதான் சொல்லியிருப்பேன்.

கார்த்தி86 (டிசம்பர் 4)
17 இன்ச், நாலும் வின்டர் போட்டாச்சு. அதே சரிவுல நேரா ஏறுது. எல்லாருக்கும் நன்றி.

லதா, ஒட்டாவா
100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி டைட் வச்சீங்களா? கழட்டின பைலட் ஸ்போர்ட் எங்க இருக்கு? பால்கனில வைக்காதீங்க. அந்தக் குளிர்ல உறைஞ்சு கிடக்கறதை உருட்டினா விரிசல் விடும்.

மயூரன், மொன்றியல்
காத்தும் பாரும் தம்பி. குளிர் அஞ்சாறு டிகிரி இறங்கினா ரயர் காத்தழுத்தத்தில ஒரு பிஎஸ்ஐ போகும். புது ரிம்முக்குக் காத்தழுத்த சென்சர் போட்டனீரோ?