குழாய்க்காகத் தோண்டிய மண்ணில் இத்தனை களைகள் முளைப்பது ஏன்?

கேள்வி:
எங்கள் வீட்டுக் கொல்லையில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, எடுத்த மண்ணைக் கொண்டே மூடினார்கள். ஒரு மழை பெய்ததும் அந்தத் தடம் நெடுகிலும் சாரணை, குப்பைமேனி, கீழாநெல்லி, பார்த்தீனியம் என நெருக்கமாக முளைத்துவிட்டன. தோண்டாத தரையிலோ அருகம்புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளியிலிருந்து மண்ணே கொண்டுவராதபோது இவ்வளவு விதை எங்கிருந்து வந்தது? அங்கே கத்தரியும் வெண்டையும் வைக்க எண்ணியிருப்பதால், இன்னொரு முறை ஆழமாகக் கொத்திவிடலாமா?

மறுமொழி 1:
அவை முன்பே அந்த மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த விதைகள். களைகள் பலவற்றின் விதைகள் மிகச் சிறியவை. ஆழத்தில் முளைத்தால் மேலே வந்து சேரும் அளவுக்கு அவற்றில் உணவு இருப்பதில்லை என்பதால், வெளிச்சம் பட்டால் மட்டுமே முளைக்கும் இயல்பு அவற்றுக்கு அமைந்திருக்கிறது. மண்ணைப் புரட்டும்போது கணநேரம் படும் ஒளியே சில விதைகளுக்குப் போதும். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879ஆம் ஆண்டு ஈரமணலோடு விதைகளைக் கலந்து 20 புட்டிகளில் புதைத்து வைத்தார். 2021இல் தோண்டியெடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. ஆகவே மறுபடியும் ஆழமாகக் கொத்தினால், அடியில் மிச்சமிருப்பவற்றையும் மேலே அழைத்ததாகிவிடும். தண்ணீர் விட்டு, முளைப்பவை முளைக்கட்டும் என்று விட்டு, அவை இரண்டு மூன்று இலை விட்டதும் களைக்கொத்தியால் மேலாகச் செதுக்கிவிட்டு, மண்ணைக் கிளறாமல் நாற்று நடுங்கள்.

மறுமொழி 2:
பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும்வரை விட்டுவைக்காதீர்கள்; ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும். இளஞ்செடியின் இலைகள் கேரட் இலைபோலப் பிளவுபட்டுத் தரையோடு படிந்திருக்கும். கையுறை இல்லாமல் தொடவேண்டாம், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மூக்கிரட்டை என்று எண்ணிச் சாரணையைக் கீரைக்குப் பறிப்பவர்களும் உண்டு. சாரணையில் பூக்கள் இலைக்கக்கத்தில் ஒட்டினாற்போல் தனித்தனியாக இருக்கும். மூக்கிரட்டையிலோ சிறு பூக்கள் காம்பு நீண்டு கொத்தாக வரும், காயும் விரலில் ஒட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஓரத்தில் கோரையும் தலைகாட்டுகிறது. அதையும் செதுக்கினால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் மெல்லிய தண்டுகளால் சங்கிலியாகக் கோத்திருக்கும். மண்வெட்டி பட்டு அந்தச் சங்கிலி அறுந்தால், அதுவரை அடங்கியிருந்த கிழங்குகளும் தனித்தனியே முளைவிடும். மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் நெம்பி, கிழங்கோடு எடுத்துவிடுங்கள். வைக்கோல் மூடாக்கைக் கோரையின் கூர்முனை துளைத்துக்கொண்டு வந்துவிடும், ஆனால் நிழலை அது தாங்காது. எனவே அந்த ஓரத்தில் தட்டைப்பயற்றை நெருக்கமாக விதைத்துப் பாருங்கள்.