மக்கள்தொகைப் பீதிக் கதைகள்: மனசை விட்டுப் போகாத இடம் எது?

ஆற்றங்கரை
பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ரஸ்பாயின் நாவல் 'புனிதர்களின் முகாம்' (1973). கல்கத்தாவிலிருந்து நூறு கப்பலில் பத்து லட்சம் ஏழைகள் ஈஸ்டர் சமயம் தெற்கு பிரான்ஸ் கரையில் வந்து இறங்குகிறார்கள். கப்பல்களைவிட உறுத்துவது அதற்கு முன் வரும், கல்கத்தாவிலுள்ள பெல்ஜியத் துணைத் தூதரக வாசல். இனித் தத்தெடுப்பு கிடையாது என்று சொல்லியாயிற்று. ஆனாலும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை நீட்டிக்கொண்டே நிற்கிறார்கள். கப்பலேறும் கூட்டத்தை நாவல் முழுக்க நாற்றமாகவும் சதைப் பிண்டமாகவும்தான் எழுதுகிறார்.

உப்பேரி
1971-ஐப் பக்கத்துல வச்சுப் படிங்க. கிழக்குப் பாகிஸ்தான்ல இருந்து சுமார் ஒரு கோடி பேர் இந்தியாவுக்கு வந்தாங்க, பெரும்பகுதி மேற்கு வங்கத்துக்கு. கல்கத்தா சால்ட் லேக்ல கான்கிரீட் சாக்கடைக் குழாய்களுக்குள்ள குடும்பம் குடும்பமா குடியிருந்தாங்க. அந்த ஊர் அகதிகளை அனுப்பல, வாங்கிக்கிச்சு. நாவல் வந்தது அதுக்கு ரெண்டே வருஷம் கழிச்சு.

பாண்டிக்காரன்
ஆற்றங்கரை, கூட்டம்னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க. அதுல பேரும் பேச்சும் உள்ள இந்தியர் ஒருத்தர் இருக்கார், எங்க ஊர்க்காரர் ஹமதுரா. தன் சனத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுன்னு பிரெஞ்சுக்காரங்களை எச்சரிக்கிறார். வெள்ளையா இருக்கிறது நிறமில்ல, மனப்பாங்குன்னு சொல்றார். கடைசியில துப்பாக்கியோட பிரெஞ்சுக்காரங்க பக்கமே நிக்கிறார். இது நாவலுக்கு ரொம்ப வசதி. இனவெறின்னு யாராவது சொன்னா, 'ஒரு இந்தியரே எங்க பக்கம் இருக்காரே'ன்னு கைகாட்டலாம். நிஜத்துல, பாண்டியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962-ல அமலுக்கு வந்தப்ப, பாண்டியில பிறந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்க முடிஞ்சது. யாரையும் சுட்டு நிரூபிக்க வேண்டியிருக்கல.

சிவப்பு மை
அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் சிறுகதை 'ஒப்பற்ற படையெடுப்பு', 1910. சீனாவில் சனம் பெருகி எல்லை தாண்டுகிறது, மேற்குலகம் கூடி முடிவெடுக்கிறது. 1976 மே 1, பீக்கிங் மேல் பறக்கும் விமானத்திலிருந்து நோய்க்கிருமி நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் விழுகின்றன. ஒன்று மீன்குளத்தில் விழுந்து உடையாமல் கிடக்கிறது. வீட்டுக்காரர் அதை அதிகாரியிடம் தூக்கிக்கொண்டு போகிறார், பின்னால் ஊரே திரள்கிறது. அதிகாரி தன் பித்தளைப் புகைக்குழாயால் ஒரு தட்டு. ஒன்றும் ஆகவில்லை. கொசு பறந்ததுபோல் ஓரிருவருக்குத் தோன்றுகிறது. கூட்டம் சிரித்துக் கலைகிறது. ஆறு வாரத்தில் நகரத்தின் ஒரு கோடியே பத்து லட்சம் பேரும் இல்லை. பிறகு காலியான நாட்டில் பல தேசத்தவர் மகிழ்ச்சியாகக் கலந்து குடியேறுகிறார்கள். அந்தக் கொசுவைவிட இந்த மகிழ்ச்சிதான் தாங்கவில்லை.

கணக்குப்பிள்ளை
ஜாக் லண்டன் கதையை அங்கதம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. 1904-லேயே 'மஞ்சள் அபாயம்' என்று கட்டுரை எழுதியவர் அவர்.

இந்த வகைக் கதையைப் படிக்க உட்காரும்போது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்கிறவர்களில் யாருக்குப் பெயர், யாருக்கு வசனம் என்று ஓரத்தில் குறியுங்கள். பாண்டிக்காரன் சொன்னதுபோல, பெயர் கிடைத்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சேர்த்து. எண் வரும் இடத்தை வட்டமிட்டு, அதே காலத்து நிஜ எண்ணோடு ஒப்பிடுங்கள். கதையல்லாத புத்தகத்துக்கும் இதே சோதனை செல்லும். அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968-ல் மக்கள்தொகை வெடிப்பைப் பற்றி எழுதிய நூல் டெல்லித் தெரு நெரிசலில்தான் தொடங்குகிறது. அவர் அங்கே போன 1966-ல் டெல்லியில் சுமார் 28 லட்சம் பேர், பாரிஸ் பெருநகரத்தில் சுமார் 80 லட்சம். பாரிஸ் நெரிசலைக் கண்டு யாரும் அலறவில்லை.

அடுத்து, கதை வந்த ஆண்டில் நடப்பில் இருந்த சட்டத்தைத் தேடுங்கள். லண்டன் கதை அச்சானபோது சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்டு 28 வருஷம் ஆகியிருந்தது. 1943-ல் நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம்.

மறுபதிப்புப் பக்கத்தையும் விடாதீர்கள். ரஸ்பாய் 2011-ல் புது முன்னுரையோடு வந்து மறுபடி நன்றாக விற்றார். பின்னாளில் டிரம்ப்பின் ஆலோசகரான ஸ்டீபன் மில்லர், 2015-ல் அந்த நாவலைச் சுட்டிக்காட்டி ஒரு செய்தித்தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியது 2019-ல் வெளிவந்தது. வெறும் கதைதானே என்பவர்களுக்கு அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள்.