இல்லப் பிள்ளைகள் தூங்கும் அறையில் கேமரா வைக்கலாமா?

நிலவன்:
நான் நிர்வாகக் குழுவில் இருக்கும் குழந்தைகள் இல்லத்தில் கூடத்திலும் நடைவழியிலும் ஏற்கெனவே கேமரா இருக்கிறது. இப்போது பிள்ளைகள் தூங்கும் அறைகளிலும் வைக்கலாம் என்று பேச்சு. நான் ஆதரிக்கிறேன். அடி, மிரட்டல், பெரிய பையன் சின்னவனைத் துன்புறுத்துவது எல்லாம் ராத்திரி, கதவைச் சாத்திய பிறகுதான் நடக்கிறது. பதிவு இருந்தால் யாரும் மறுக்க முடியாது. வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

தாழை:
நான் இல்லத்தில் வளர்ந்தவள். உடை மாற்றுவதும் தூங்குவதும் அழுவதும் அந்த ஒரே அறையில்தான். கேமரா காட்டுவதைப் பார்க்கும் திரைக்கு முன்னால் உட்காரப்போவது யார்? எந்த ஊழியர்மேல் சந்தேகமோ அவருக்கே ராத்திரிப் பணி விழுந்தால்? 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16வது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் முறைகேடாகத் தலையிடக் கூடாது என்கிறது. பெற்றோருடன் வாழும் பிள்ளைக்கு மட்டும்தான் என்று அதில் இல்லை.

நிலவன்:
அதே உடன்படிக்கையின் 19வது பிரிவையும் படியுங்கள். யார் பராமரிப்பில் இருந்தாலும் வன்முறையிலிருந்து குழந்தையைக் காப்பது அரசின் கடமை. அடி வாங்கும் பிள்ளைக்கு அந்தரங்கம் இரண்டாம்பட்சம்தான். புகார்ப் பெட்டியும் வைத்துப் பார்த்துவிட்டோம். ஒரு சீட்டுகூட விழவில்லை. பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்.

தாழை:
பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? எங்கள் இல்லத்தில் அது வார்டன் அறை வாசலில் இருந்தது, சாவி அவர் மேசை இழுப்பறையில். பக்கத்தில் போனாலே யார் என்று தெரிந்துவிடும். தப்பித்துப் போட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். போனும் அதே அறையில்தான். அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர நான் எதுவும் சொன்னதில்லை. இப்படி வைத்துவிட்டுப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள் என்றால் எப்படி?

வேம்பு:
நான் ராத்திரிப் பணி பார்க்கும் பராமரிப்பாளர். இரண்டு மாடி, நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. கீழே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மேல்மாடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கேமரா அதைப் பதிவு செய்யும், ஓடிப்போய்த் தடுக்காது. அந்தப் பணத்தில் இன்னொரு ஆளைப் போடுங்கள். அதே சமயம் நடைவழிக் கேமராவை எடுக்கச் சொல்லாதீர்கள் தாழை. வீண்பழி வந்தால் எங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அது.

தாழை:
நடைவழி பற்றி எனக்கு மறுப்பு இல்லை. படுக்கைக்கு மேலே வேண்டாம் என்கிறேன்.

குறிஞ்சி:
இந்தப் பிள்ளைகள் எல்லாரும் இல்லத்தில்தான் இருக்க வேண்டுமா என்று யாராவது பார்த்தீர்களா? வறுமை ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்பு (பெற்றோர் பராமரிப்புக்கு வெளியே வளர்வது) பற்றிய 2009ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உடன்படிக்கையின் 25வது பிரிவும், பராமரிப்புக்காக அரசு சேர்த்துவிட்ட பிள்ளையின் நிலையை அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது.

நிலவன்:
அது முக்கியம்தான், ஆனால் இன்று ராத்திரி அங்கே தூங்கும் பிள்ளைக்கு என்ன வழி? வேம்பு சொன்ன இரண்டாவது ஆள் சரி. அது ஒவ்வொரு மாதமும் சம்பளம், கேமரா ஒருமுறைச் செலவு. குழுவில் இந்தக் கணக்குதான் முதலில் வரும்.

தாழை:
செலவில்லாத வழியும் இருக்கிறது. குறிஞ்சி சொன்ன அதே வழிகாட்டுதல்களில், பிள்ளை ரகசியமாக மனம்விட்டுப் பேச நம்பிக்கையான ஒருவரும், பாரபட்சமில்லாத புகார் வழியும் வேண்டும் என்று இருக்கிறது. சாவியை இல்லத்தில் சம்பளம் வாங்காத, வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள். பெட்டியைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள், யார் போனாலும் சந்தேகம் வராது. அப்புறம் ஒன்று, கேமரா வேண்டுமா என்று பிள்ளைகளிடம் கேட்டீர்களா? தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை 12வது பிரிவில் இருக்கிறது.

நிலவன்:
இதுவரை யாரும் கேட்கவில்லை. சாவியையும் பெட்டியையும் அடுத்த கூட்டத்தில் எழுப்புகிறேன், பிள்ளைகளிடமும் கேட்கச் சொல்கிறேன். ஆனால் கேமரா வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

தாழை:
சரி. கேட்கும்போது வார்டன் அந்த அறையில் இருக்கக் கூடாது.